ஜாக்கெட் சோதனைக்குத் துப்பாக்கியையும் கொண்டு வாருங்கள்

மத்திய ஆயுதக் காவல் படைகளுக்குக் குண்டு துளைக்காத ஜாக்கெட்டையும் துப்பாக்கியையும் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் இருக்கும் அதிகாரிகளுக்கும், அந்தப் படைகளின் பயிற்சி மையங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 22 வருடம் சீருடையில் இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் வேலூர் பக்கம். கடைசி 9 வருடம் ஆயுதப் பயிற்றுநராக ஃபயரிங் ரேஞ்சிலேயே கழிந்தது. எந்தப் படை, எந்த மையம் என்று இங்கே எழுதவில்லை. யாரையும் மாட்டிவிடும் எண்ணம் எனக்கு இல்லை. எனக்குப் பிறகு அந்த மணல் மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கப் போகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் திண்டுக்கல். ரெக்ரூட்டாக வந்தபோது அவள் உயரம் சரியாக 157 சென்டிமீட்டர். பொதுப் பிரிவில் பெண்களுக்கு நீங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச உயரமே அதுதான். ஒடிசலான உடம்பு, குறுகிய தோள். ஆனால் கை நடுங்காது. மூச்சை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தராமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. 100 மீட்டரில் படுத்துச் சுட்டால் 5 குண்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழும். பயிற்சி முடித்துப் போகும்போது அந்த பேட்சில் நன்றாகச் சுடுகிற முதல் மூன்று பேரில் ஒருத்தி.

8 மாதம் கழித்து, பதற்றமான பகுதிக்கு அனுப்புவதற்கு முன்னால் கொடுக்கிற பயிற்சிக்காக எங்களிடமே திரும்பி வந்தாள். இந்தத் தடவை ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு சுட வேண்டும். இன்சாஸ் ரைஃபிளைத் தூக்கித் தோளுக்குக் கொண்டுபோனாள். துப்பாக்கியின் பின்கட்டையான பட் போய் உட்கார வேண்டிய இடத்தில் ஜாக்கெட்டின் தோள் வாரும் தகட்டின் மேல் மூலையும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தன. பட் நைலான் துணியில் வழுக்கி, வெளியே புஜத்தின் மேல் போய் நின்றது. கழுத்தை எட்டி நீட்டிப் பார்த்தாள். கன்னம் பட்டில் படியவில்லை. இடது கை முன்பிடியை எட்டுவதற்குள் முழங்கை விறைத்துவிட்டது. 5 குண்டில் 2 மட்டும் டார்கெட்டில் இருந்தன. சாயங்காலம் சட்டைக் கையை மடக்கிக் காட்டினாள். தோள் மூட்டுக்குக் கீழே, சதையின் மேல், பட்டின் அடிப்பக்கம் அச்செடுத்த மாதிரி ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

“அக்கா, எனக்குச் சுடவே மறந்துபோச்சா?” என்று கேட்டாள். ரேஞ்சில் மற்றவர்கள் இருக்கும்போது நான் அவளுக்கு மேடம். அன்றைக்கு யாரும் இல்லை.

அவளுக்கு எதுவும் மறக்கவில்லை. சட்டை மட்டும் போட்ட உடம்போடு சுடக் கற்றுக் கொடுத்துவிட்டு, 10 கிலோ கவசம் மாட்டிய உடம்போடு சுடச் சொன்னது நாங்கள். அந்த ஊதாத் தழும்பு அவள் கையில் இருந்தாலும் அதற்குப் பொறுப்பு பயிற்றுநரான எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அதனால்தான் இந்த மடல்.

துப்பாக்கியைத் தோளில் வைப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம். அது தோளின் மேல் உட்காருவதில்லை. காறை எலும்புக்குக் கீழே, தோள் மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு சின்னக் குழி இருக்கிறது. வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு இடது விரலால் தடவினால் தட்டுப்படும். பட் அங்கே அமர்ந்தால் உதைப்பு முழு உடம்புக்கும் பரவிவிடும். கன்னம் தானாக பட்டின் மேல் படியும். கண்ணுக்கும் பின்சைட்டுக்கும் உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும். குறி தப்பாமல் சுடுவதில் பாதி, இந்த ‘ஒவ்வொரு முறையும் ஒன்றாக’ என்பதில்தான் இருக்கிறது.

ஜாக்கெட் போட்டால் அந்தக் குழி மூடிக்கொள்கிறது. மென்கவசத்தின் பல அடுக்குத் துணி, அதற்கு முன்னால் கடினத் தகடு, எல்லாவற்றுக்கும் மேல் உறை. அப்புறம் தோள் வார், அதன் வெல்க்ரோ மடிப்பு. நானே ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். ஒரு ஜாக்கெட்டில் தோள் பக்கம் மட்டும் 4 சென்டிமீட்டரைத் தாண்டியது. அதாவது பட்டின் பின்னால் 4 சென்டிமீட்டர் கட்டையை வைத்து ஆணி அடித்துக் கொடுத்த மாதிரி. உயரமான ஆளுக்கு அது தொந்தரவு. கை குட்டையாக இருக்கிறவர்களுக்கு அந்தத் துப்பாக்கி கைக்கு அடங்காத வேறு துப்பாக்கி.

ஆண்களுக்குப் பொதுவான குறைந்தபட்ச உயரம் 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157. பழங்குடியினருக்குத் தளர்வு கொடுத்து ஆண்களுக்கு 162.5, பெண்களுக்கு 150 என்று வைத்திருக்கிறீர்கள். நல்ல தளர்வு, காட்டையும் மலையையும் அறிந்த பிள்ளைகள் அதனால்தான் படைக்கு வருகிறார்கள். ஆனால் 150 சென்டிமீட்டர் பெண்ணும் 185 சென்டிமீட்டர் பையனும் ஆயுதக் கிடங்கான கோட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் இருவருக்கும் கிடைப்பது ஒரே நீளத்து பட் உள்ள இன்சாஸ். துப்பாக்கி 960 மில்லிமீட்டர் நீளம், 4 கிலோவுக்குச் சற்று மேல். அந்த 4 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் வெகு நேரம் தாங்கலாம். கை முழுக்க நீட்டிப் பிடிக்க வேண்டி வந்தால் 2 நிமிடத்தில் முனை ஆடத் தொடங்கிவிடும்.

பழைய ஆயுதங்களைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை மிகவும் பாதித்தது. .303 ரைஃபிள் நம் போலீஸ் கையில் பல பத்தாண்டுகள் இருந்ததே, அதற்கு 4 அளவுகளில் பட் இருந்தது. சாதாரண அளவு ஒன்று. அதைவிட அரை அங்குலம் நீளமானது, அரை அங்குலம் குட்டையானது. கடைசியாக ஓர் அங்குலம் குட்டையான ‘பாண்டம்’. எல், எஸ், பி என்று மரத்திலேயே எழுத்துக் குத்தியிருப்பார்கள். முதல் உலகப் போரில் 5 அடி 3 அங்குலத்துக்குக் குறைவான ஆட்களைச் சேர்த்து பிரிட்டன் தனிப் படைப்பிரிவுகள் அமைத்தது. அவற்றுக்கும் பாண்டம் என்றே பெயர். பின்னால் வந்த பிரிட்டிஷ் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் நீளம், சாதாரணம், குட்டை என்று பட் அளவுகள் உண்டு. அவற்றோடு கனமான குளிர் உடையோ உடல் கவசமோ அணிந்தால் மாட்டிக்கொள்ள மிகக் குட்டையான ஒன்றையும் வைத்திருந்தார்கள். மரத்தில் பட் செதுக்கிய காலத்திலேயே ஆளுக்கு ஏற்ற நீளம் இருந்தது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் முடிகிற வேலை.

இதில் தடுமாறியது நாம் மட்டும் இல்லை. அமெரிக்கர்கள் எம்16 துப்பாக்கியை 1980களில் திருத்தி எம்16ஏ2 என்று கொண்டுவந்தபோது பட்டை முன்பிருந்ததைவிட 1.6 சென்டிமீட்டர் நீளமாக்கினார்கள். ரேஞ்சில் சட்டையோடு நின்று சுடும் உயரமான ஆளுக்கு அது வசதி. கவசம் தினசரி உடை ஆன பிறகு அதே நீளம் இடைஞ்சலாகிப்போனது. உள்ளே தள்ளி நீளம் குறைக்கக்கூடிய பட் உள்ள எம்4 பரவியது. கடைசியில் அவர்களின் மரைன் படையே 2015இல் தன் காலாட்படைக்கு எம்16ஏ4-க்குப் பதில் எம்4 போதும் என்று முடிவெடுத்தது. நம் ராணுவத்துக்காக அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகும் ஏ.கே. 203-க்கும் மடக்கக்கூடிய, நீளம் மாற்றக்கூடிய பட்தான். 2019இல் ராணுவம் 72,400 வாங்கிய சிக் 716-இலும் பட்டை உள்ளே தள்ளலாம். வரும் துப்பாக்கிகள் சரியான திசையில்தான் வருகின்றன. ஆனால் இன்றைக்கு இரவு ஏதோ ஒரு முகாமின் காவல் அரணான மோர்ச்சாவில் நிற்கிற பிள்ளையின் கையில் இருப்பது பெரும்பாலும் புதியது இல்லை. நம் ஜவான்கள் இன்சாஸை வைத்துவிட்டு ஏ.கே. கேட்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அதன் பட் குட்டை, ஜாக்கெட்டோடு ஒத்துப்போகிறது என்பதும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன்.

இங்கேதான் குழுக்களில் இருக்கும் உங்களிடம் நேரடியாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஜாக்கெட்டுக்கு இன்று நல்ல தரநிலை இருக்கிறது. 2018இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17051 கொண்டுவந்தது, எந்தத் துப்பாக்கியின் எந்தக் குண்டைத் தாங்க வேண்டும் என்று 6 நிலைகளாகப் பிரித்திருக்கிறது. அதற்கு முன்னால் வெளிநாட்டுத் தரத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தத் தரநிலையை எழுதியவர்களுக்கு நன்றி சொல்கிறேன், மனதார. களிமண் பலகைக்கு முன்னால் தகட்டை நிறுத்திச் சுட்டு, குண்டு துளைத்ததா, பின்னால் எவ்வளவு ஆழம் குழிந்தது என்று அளக்கிறார்கள். அதை அளக்காமல் ஒரு தகடு கூட வரக்கூடாது. ஆனால் களிமண் பலகை திருப்பிச் சுடாது. உள்ளே இருக்கப்போகிறவள் திருப்பிச் சுட வேண்டும்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு ஜாக்கெட் மாதிரியை எங்கள் மைதானத்துக்குப் பயனர் சோதனை என்று கொண்டுவந்தார்கள். 6 பேரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஓடினோம், ஊர்ந்தோம், சுவர் ஏறிக் குதித்தோம், உட்கார்ந்து எழுந்தோம். வேர்க்கிறதா, உரசுகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முறையாக நடந்தது. அந்த 3 மணி நேரத்தில் கோட்டிலிருந்து ஒரு துப்பாக்கி கூட வெளியே வரவில்லை. ‘தோளில் வைத்துப் பார்க்கலாமா’ என்று நான் கேட்டேன். இன்றைய பட்டியலில் அது இல்லை என்று பதில் வந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. பட்டியலில் இருந்ததை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனார். பட்டியலில் இன்னும் ஒரு வரி இருந்திருந்தால் அதையும் ஒழுங்காகச் செய்திருப்பார்.

துப்பாக்கி ஒரு கோப்பில் வருகிறது, ஜாக்கெட் இன்னொரு கோப்பில் வருகிறது. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ட்ரிச்சி அசால்ட் ரைஃபிள் தயாராகிறது. ஆவடி உடைத் தொழிற்சாலையில் சீருடையோடு குண்டு துளைக்காத ஜாக்கெட்டும் தைக்கிறார்கள். 2021 அக்டோபர் 1 அன்று பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து 7 நிறுவனங்களாகப் பிரித்தபோது இந்த இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தின் கீழ் போயின. ஒன்று ஆயுத நிறுவனம், மற்றது உடை நிறுவனம். நிர்வாகத்துக்கு அப்படிப் பிரிப்பது சரியாக இருக்கலாம். இரண்டும் வந்து சேருகிற இடம் ஒரே காறை எலும்புக்குக் கீழே இருக்கிற அந்தக் குழி.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜாக்கெட் என்றாலே எல்லாரும் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றுதான். சத்தீஸ்கரின் பஸ்தர் வெயிலில், வண்டிகள் வருவதற்கு முன் சாலையைச் சோதித்துக் காவல் காக்கும் ரோடு ஓப்பனிங் டியூட்டிக்கு நடந்தவர்களுக்கு ஒரு கிலோ குறைவது எவ்வளவு பெரிய கருணை என்று தெரியும். 2024இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘அபேத்’ என்ற ஜாக்கெட்டை 8.2 கிலோ, 9.3 கிலோ என்று கொண்டுவந்த செய்தியைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பொதுவாக ஒரு விஷயம் உண்டு. எஃகுத் தகடு கனம், ஆனால் மெலிசு. பீங்கானும் பாலிஎத்திலீனும் சேர்த்த தகடு லேசு, ஆனால் தடிமன். அதே குண்டைத் தாங்க எடையைக் குறைத்தால் பெரும்பாலும் தடிமன் கூடுகிறது. அந்தத் தடிமன் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்காமல் தராசை மட்டும் பார்த்து வாங்கினால், முதுகு பிழைக்கும், குறி போய்விடும். தகட்டின் மேல் மூலைகளைச் சரிவாக வெட்டி பட்டுக்கு இடம் விடுவது பழைய உத்திதான். எவ்வளவு சரிவாக வெட்டலாம், அதனால் நெஞ்சில் எவ்வளவு இடம் திறந்துபோகும் என்பதைத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

படுத்துச் சுடும்போது கஷ்டம் வேறு மாதிரி. முன்தகடு நெஞ்சைத் தரையிலிருந்து தூக்கிவிடும். அதன் மேல் மேகசின் பவுச் வைத்துத் தைத்திருந்தால் இன்னும் தூக்கும். தூக்கிய நெஞ்சோடு தலையை நிமிர்த்தினால் ஜாக்கெட்டின் பின் காலர் ஹெல்மெட்டின் பின் விளிம்பை முட்டும். ஹெல்மெட் அப்படியே முன்னால் சாய்ந்து கண்ணை மறைக்கும். இடது கையால் அதைத் தூக்கிவிட்டு, திரும்பத் துப்பாக்கியைப் பிடித்து, திரும்ப ஹெல்மெட் விழுந்து, திரும்பத் தூக்கி. ஒரு பிள்ளை 5 குண்டு சுடுவதற்குள் 7 தடவை அப்படிச் செய்ததை எண்ணியிருக்கிறேன். ரேஞ்சில் எதிரில் இருப்பது காகித டார்கெட். அது காத்திருக்கும்.

இப்போது பயிற்சி மையங்களில் இருப்பவர்களுக்கு. நான் சொல்லப்போவதில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. என் ரேஞ்சில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிச் சேர்த்தது.

நாம் கற்றுக்கொண்ட பழைய நிலையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இடது தோளை இலக்குக்குக் காட்டி நிற்போம். சட்டையோடு சுட அது அருமையான நிலை. ஜாக்கெட் போட்டு அப்படி நின்றால் அக்குளுக்குக் கீழே, தகடு இல்லாத பக்கத்தை எதிரிக்குக் காட்டுகிறோம். நெஞ்சை நேராகக் காட்டி நின்றால் தகடு செய்ய வேண்டிய வேலையைச் செய்யும். அதோடு, நேராக நிற்கும்போது பட்டை உள்பக்கமாக, கழுத்தை நோக்கிக் கொண்டுவர முடியும். வாரின் விளிம்புக்கும் காறை எலும்புக்கும் நடுவில் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் ஜாக்கெட்டோடும் ஓர் இடம் கிடைக்கிறது. முழங்காலை லேசாக மடக்கி, உடம்பின் எடையை முன்னால் கொடுத்தால் உதைப்பைத் தாங்கலாம். வலது முழங்கையைச் சிறகு மாதிரி தூக்காமல் கீழே விட வேண்டும். தூக்கினால் தோள் எழும்பி பட்டை வெளியே தள்ளிவிடும்.

முக்கியமானது, துப்பாக்கியை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். முகத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகக் கூடாது. கழுத்து வளைந்தால் ஹெல்மெட் சாயும், கண் சைட்டை விட்டு விலகும். முதல் 2 நாள் பிள்ளைகளுக்குக் கண்ணை மூடித் தோளில் வைக்கச் சொல்வேன். அப்புறம் கண்ணைத் திறந்தால் சைட் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இறக்கி மறுபடி. ஒரு குண்டும் செலவில்லை. தினமும் காலை 10 நிமிடம், ஜாக்கெட்டோடு, வெறும் துப்பாக்கியில். 3 வாரத்தில் உடம்பு தானாக இடத்தைக் கண்டுபிடித்துவிடும். திண்ணையில் மாவரைக்கிற அம்மாவின் கை குழவியைப் பார்க்காமலே பிடிக்கிற மாதிரி.

படுத்துச் சுடும்போது உடம்பைச் சாய்வாகப் போடாமல் துப்பாக்கிக்கு நேர் பின்னால் நீட்டிப் படுக்கச் சொன்னேன். பவுச்சை நெஞ்சிலிருந்து இடுப்பின் பக்கவாட்டுக்கு மாற்றினோம். நெஞ்சு ஒரு விரல் அளவாவது இறங்கியது. ஹெல்மெட்டின் தாடை வாரையும் பின்பட்டையையும் ஜாக்கெட் போட்ட பிறகு, படுத்த நிலையில் வைத்து இறுக்கச் சொன்னேன். நின்றுகொண்டு இறுக்கினால் படுத்ததும் அந்த அளவு பொய்.

மேகசின் மாற்றுவதில் பாதிப் பேர் திணறினார்கள். ஜாக்கெட் நெஞ்சுக்கு முன்னால் துருத்திக்கொண்டு நிற்பதால் இடுப்பில் இருக்கும் பவுச் கண்ணுக்கே தெரியாது. குனிந்து தேடினால் துப்பாக்கி முனை பக்கத்தில் இருப்பவள் மேல் திரும்பும். இது வெறும் தாமதம் இல்லை, ஆபத்து. விரலால் தடவிக் கண்டுபிடிக்கப் பழக்க வேண்டும், முனையை முன்னாலேயே வைத்துக்கொண்டு. அதேபோல வண்டியிலிருந்து இறங்கும்போது துப்பாக்கியைத் தோளில் மாட்டும் வாரான ஸ்லிங் ஜாக்கெட்டின் வெல்க்ரோ மடிப்பில் மாட்டுவது. உட்கார்ந்திருக்கையில் தகடு தொண்டைக்கு ஏறுவது. இதையெல்லாம் வகுப்பறையில் சொல்லித் தர முடியாது. பழைய லாரி ஒன்றை ரேஞ்சுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜாக்கெட்டோடு ஏறி இறங்க விடுங்கள், போதும்.

தகட்டை எந்த உயரத்தில் போட வேண்டும் என்பதையும் விட்டுவிடக் கூடாது. அதன் மேல் விளிம்பு தொண்டைக்குக் கீழே, நெஞ்செலும்பின் உச்சியில் இருக்கும் பள்ளத்துக்கு வர வேண்டும். இதயமும் அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்களும் அதற்குப் பின்னால் இருக்கின்றன. தோளில் பட் வைக்க இடம் வேண்டும் என்று பிள்ளைகள் வாரைத் தளர்த்தித் தகட்டை வயிற்றுக்கு இறக்கிவிடுகிறார்கள். சுட வசதியாக இருக்கும். காப்பாற்ற வேண்டிய இடம் வெளியே நிற்கும். அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. உயிரா குறியா என்று ஒருத்தி தினமும் வாரை இழுத்து இறக்கி முடிவு செய்யும் நிலையில் அவளை வைத்தது யார்?

இதைவிட மோசமானது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்தகட்டைக் கழற்றி முகாமிலேயே வைத்துவிட்டு, வெறும் உறையை மட்டும் மாட்டிக்கொண்டு ரோந்து போனவர்களை எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஜாக்கெட் போட்ட மாதிரியே இருக்கும். சோம்பேறித்தனம் என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஒருத்தரிடம் தனியாகக் கேட்டேன். என்னைவிட 12 வருடம் மூத்தவர். “தகடு இருந்தால் சுட முடியவில்லை, சுட முடியவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிற பையன் செத்துப்போவான்” என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் செய்தது தப்பு. அவர் சொன்ன காரணம் தப்பில்லை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், நானும் ஒருத்தி என்பதால். மத்திய ரிசர்வ் போலீஸ் படை முதல் மகளிர் பட்டாலியனை 1986இல் எழுப்பியது. அதன் எண் 88. 2021இல் அதே படையின் காட்டுப் போர்ப் பிரிவான கோப்ராவுக்கும் பெண்கள் போனார்கள். இத்தனை வருடத்தில் நாங்கள் செய்யவில்லை என்று எந்த வேலையைச் சொல்ல முடியும்? ஆனால் ஜாக்கெட் என்று வந்தால் ஆணுக்குத் தைத்ததில் சின்ன சைஸ் எடுத்துக் கொடுப்பதுதான் வெகுநாள் வழக்கம். சின்ன சைஸ் வேறு, பெண்ணுக்கான வடிவம் வேறு. நேரான தகடு மார்பின் மேல் படியாமல் மேல் பக்கம் துருத்தும். துருத்துகிற இடம் சரியாக பட் வைக்கிற இடம். குறுகிய தோளில் வார் இரண்டு பக்கமும் வெளியே தொங்கும். அமெரிக்க ராணுவம் தன் பெண் வீரர்களுக்கென்று வடிவமைத்த கவசத்தை 2013இல் கொடுக்கத் தொடங்கியது. பொதுவான கவசத்தோடு துப்பாக்கியைத் தோளில் சரியாக வைக்க முடியவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னதும் அதற்கு ஒரு காரணம். அவர்கள் சொன்னதும் என் திண்டுக்கல்காரி கேட்டதும் ஒன்றேதான்.

சரி, நான் கேட்பது என்ன?

அடுத்த முறை ஜாக்கெட் மாதிரி சோதனைக்கு வரும்போது, அந்தப் படையில் இன்றைக்கு உண்மையிலேயே புழக்கத்தில் இருக்கும் துப்பாக்கிகள் அத்தனையும் கோட்டிலிருந்து வெளியே வர வேண்டும். போட்டுக்கொண்டு நின்று, முட்டி போட்டு, படுத்து, 100 மீட்டரில் குண்டு போட்டுப் பார்க்க வேண்டும். ஜாக்கெட் இல்லாமல் அதே ஆள் சுட்ட டார்கெட்டையும் போட்டுக்கொண்டு சுட்ட டார்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் கோப்பில் வையுங்கள். துப்பாக்கி சோதனைக்கு வந்தால் ஜாக்கெட்டோடு அதையே திருப்பிச் செய்யுங்கள். உள்துறைக்காகக் காவல் கருவிகளின் தகுதித் தேவைகளை வகுப்பதில் பங்குள்ள காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்தில் இருப்பவர்களிடமும் இதையே கேட்கிறேன். சோதனைக்கு நிறுத்தும் ஆட்களில் 150 சென்டிமீட்டர் பெண் ஒருத்தி கட்டாயம் இருக்கட்டும். உயரமான பையன்கள் எதையும் சமாளித்துவிடுவார்கள். அவர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லா ஜாக்கெட்டும் பாஸ்.

சுடும் திறனுக்கு மதிப்பெண் போடும் வருடாந்திர கிளாசிஃபிகேஷன் ஃபயரிங்கை ஜாக்கெட், ஹெல்மெட்டோடு நடத்துங்கள். மதிப்பெண் குறையும், தெரியும். முதல் வருடம் பட்டாலியன்களின் கணக்கு அசிங்கமாக இருக்கும். அந்தக் கணக்குதான் நிஜம். அதை மேலே அனுப்பத் தயங்காத கமாண்டண்ட் ஒருவர் போதும், மற்றவர்கள் வருவார்கள்.

இன்சாஸ் இன்னும் எத்தனை வருடம் இருக்குமோ, அதுவரை குட்டை பட் ஒன்றைச் செய்து கொடுங்கள். .303-க்குச் செய்த நாடுதானே நாம்? இச்சாப்பூர் தொழிற்சாலையில் அந்த ரைஃபிளையே செய்தோம். 2 சென்டிமீட்டர் குறைந்தால் கூட என் பிள்ளைகளுக்குக் கன்னம் படியும். நீளம் மாற்றும் பட் உள்ள துப்பாக்கி வருகிற இடங்களில், ஜாக்கெட் போட்டால் எத்தனை படி உள்ளே தள்ள வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் தன் அளவாகத் தெரிந்து வைத்திருக்கும்படி பழக்குங்கள். அந்த வசதி இருப்பதே தெரியாமல் முழு நீளத்தில் வைத்துச் சுடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜாக்கெட்டின் தோள் பக்கம் வழவழப்பான நைலானுக்குப் பதில் பட் வழுக்காத சொரசொரப்பான பட்டையைத் தைப்பதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

என் திண்டுக்கல்காரிக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்தப் பயிற்சிக்கு 4 வாரம்தான் இருந்தது. தினமும் காலை 5 மணிக்கு மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ரேஞ்சுக்கு வந்தாள். 14ஆம் நாள் பட் உள்ளே உட்காரத் தொடங்கியது. கடைசி வாரம் 100 மீட்டரில் 5 குண்டும் டார்கெட்டில் இருந்தன. உள்ளங்கைக்குள் இல்லை, ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள். அந்த ஜாக்கெட்டோடு, அந்த பட் நீளத்தோடு அதற்கு மேல் அவளால் குறைக்க முடியவில்லை. பயிற்சியால் சரிசெய்யக்கூடியதை அவள் சரிசெய்துவிட்டாள். மீதி உங்கள் மேசையில் இருக்கிறது.

அந்த இரண்டு டார்கெட் தாள்களையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்று அவள் ரெக்ரூட்டாக இருந்தபோது சட்டையோடு சுட்டது, மற்றது ஜாக்கெட்டோடு சுட்டது. கூப்பிட்டால் கொண்டுவருகிறேன். டிக்கெட் செலவு கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், ஆயுதப் பயிற்றுநர்
வேலூர் மாவட்டம்